பதிவின் நிலை: புலத்தைப் படிப்பதா, செயற்கூறைக் கேட்பதா?

வலைத்தளம் நடத்த உதவும் வேர்ட்பிரஸ் மென்பொருளில் ஒரு பதிவு வெளியாகிவிட்டதா, வரைவாகவே கிடக்கிறதா என்று நிரலில் அறிய இரண்டு வழிகள் உண்டு. பதிவு ஏற்கெனவே கையில் இருந்தால் அதன் நிலையைச் சேமித்து வைக்கும் 'போஸ்ட்_ஸ்டேட்டஸ்' புலத்தை நேரடியாகப் படித்துவிடலாம். சாதாரணப் பதிவுக்கு அது போதும். இல்லையேல் 'கெட்_போஸ்ட்_ஸ்டேட்டஸ்' என்ற செயற்கூறைக் கேட்கலாம்.

வம்பு படங்களில்தான். பதிவேற்றிய படத்தின் புலம் 'இன்ஹெரிட்' (தாயின் நிலையே என் நிலை) என்று மட்டும் சொல்லும். படம் இணைந்திருக்கும் தாய்ப்பதிவு வரைவா, வெளியானதா என்று சொல்லாது. இதில் நானே ஒரு மாலைப்பொழுதைத் தொலைத்திருக்கிறேன்: 'பப்ளிஷ்' (வெளியானது) என்றிருப்பவற்றை மட்டும் வடிகட்டினேன், படங்கள் மொத்தமும் காணாமல் போயின. 'கெட்_போஸ்ட்_ஸ்டேட்டஸ்' செயற்கூறோ தாய்ப்பதிவின் நிலையைத் தேடிப் பிடித்துச் சொல்கிறது. தாயே இல்லாத படத்துக்கு 'பப்ளிஷ்' என்கிறது. பதிவு எண்ணைக் கொடுத்தாலே வேலை நடக்கும். அப்படியொரு பதிவே இல்லையென்றால் 'ஃபால்ஸ்' திரும்பும். என் கை இதற்குத்தான் போகிறது.

நேரம் குறித்துவைத்த பதிவுக்கும் இரண்டும் ஒரே குரலில் 'ஃப்யூச்சர்' என்கின்றன.