பி.பி.ஓ.வா, பி.பி.டி.யா?

மண்டபம், தொண்டி, ஏர்வாடிப் பக்கம் பிளஸ் டூ முடித்த பிள்ளைகள், செயற்கைக் கை கால், தாங்கு பட்டை செய்யும் படிப்பா (பி.பி.ஓ.) பிசியோதெரபியா (பி.பி.டி.) என்று கேட்கிறார்கள்.

சேர்க்கை: பி.பி.டி.க்கு உயிரியல் வேண்டும். பி.பி.ஓ.வில் கணிதப் பிரிவினருக்கும் இடமுண்டு.

காலம்: பி.பி.ஓ. பயிற்சியோடு 4½ ஆண்டுகள். மற்றதும் ஏறக்குறைய அவ்வளவே.

கல்லூரி: பி.பி.டி. தமிழ்நாட்டிலேயே நிறைய. பி.பி.ஓ.வுக்குக் கட்டாக், கொல்கத்தா, மும்பை வரை போக நேரலாம். விடுதிச் செலவையும் சேர்த்தே கணக்குப் போடுங்கள்.

வேலை: பி.பி.டி.யில் உடற்பயிற்சி, வலி, நடைப்பயிற்சி. பி.பி.ஓ.வில் பாதி மருத்துவம், பாதி பட்டறை. வெட்டிய காலுக்கு மாவுக்கட்டில் அச்செடுத்து, அதைச் செதுக்கி, சூடாக்கிய பாலிபுரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக் தகட்டைப் போர்த்தி, மீதிக் கால் பொருந்தும் கிண்ணமான சாக்கெட்டைச் செய்ய வேண்டும். உரசினால் புண்தான், அதனால் திரும்பத் திரும்பச் சரிபார்க்க வேண்டும். வளைபாதக் குழந்தைக்குப் பட்டை, சர்க்கரை நோயாளிக்குக் காலணி எல்லாம் இதில் சேரும். நம் கரையில் மணலிலும் உப்புநீரிலும் நடப்பவருக்கு இரும்பு மூட்டு சீக்கிரம் துருப்பிடிக்கும்; அதை யோசித்துச் செய்ய உள்ளூர்க்காரரே வேண்டும் என்பது என் ஆசை.

சொந்தத் தொழில்: பி.பி.டி.க்குச் சிறு அறை போதும். பி.பி.ஓ.வுக்கு அடுப்பு, அரவை இயந்திரம், முதலீடு எல்லாம் தேவை. இந்திய மறுவாழ்வுக் குழுமப் பதிவும் கட்டாயம்.

ஊரிலேயே சீக்கிரம் சம்பாதிக்க வேண்டுமென்றால் பி.பி.டி. படியுங்கள். கைவேலையில் பிரியமும், சில ஆண்டுகள் நகரத்து மருத்துவமனையில் வேலை பார்க்கும் பொறுமையும் இருந்தால் பி.பி.ஓ.