ஓட்டைக் காலணாவும் புதுமைப்பித்தன் கதைகளும்

எங்கள் அத்தைக்கு இரண்டு கண்ணிலும் கண்ணழுத்த நோய். வலது கண்ணில் வெளிச்சம் மட்டும் தெரியும். இடது கண்ணில் ஆள் அசைவது தெரியும், முகம் தெரியாது. எழுபத்தெட்டு வயதுவரை பேப்பரை ஒரு வரி விடாமல் படித்தவர். போன ஐப்பசியிலிருந்து ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் நான் சத்தமாக வாசிப்பது, அவர் கட்டிலில் சாய்ந்தபடி கேட்பது என்று ஒரு வழக்கம் வைத்துக்கொண்டோம். முதலில் பக்திப் புத்தகங்களாகத்தான் வாசித்தேன். பத்து நாள் போயிருக்கும். "ஏளா, எனக்குச் சிரிக்கணும் போல இருக்கு. சிரிக்க மாதிரி ஏதாவது கொண்டா" என்றார்.

நகைச்சுவைக் கதைகள் என்று போட்டிருந்த புத்தகம் ஒன்றை வாங்கி வந்தேன். அன்று ராத்திரி சிரித்தோம். மறுநாள் காலையில் என்ன கதை என்று கேட்டால் இருவருக்கும் ஒன்றுகூட ஞாபகம் இல்லை. அதற்குப் பிறகுதான் பாளையங்கோட்டையில் நடந்த புத்தகக் கண்காட்சியில் காலச்சுவடு வெளியிட்ட 'புதுமைப்பித்தன் கதைகள்' வாங்கினேன். ஆ. இரா. வேங்கடாசலபதி பதிப்பித்தது, முதலில் 2000இல் வந்தது. நாலு மாதமாக அதுதான் எங்கள் வீட்டில் ஓடுகிறது. சில கதைகளை மூன்று தடவை வாசித்தாயிற்று.

நான் 22 வருஷம் மளிகை மொத்தக் கடையில் கணக்கு எழுதியவள். சிட்டை, பேரேடு, பற்று வரவு என்றே பொழுது போனது. அதனாலோ என்னவோ, மற்றவர்கள் புதுமைப்பித்தனைப் பற்றிச் சொல்லும்போது அதிகம் எடுக்காத ஒரு விஷயம் எனக்கு முதல் நாளே கண்ணில் பட்டது. இந்த மனிதர் சிரிப்பைச் சில்லறையில் வைத்திருக்கிறார். அணா பைசா சுத்தமாகக் கணக்குப் போட்டுக் கதை சொல்கிறார் (அந்தக் காலத்தில் பதினாறு அணா ஒரு ரூபாய், கால் அணாதான் காலணா). கணக்கு சரியாக இருப்பதால்தான் சிரிப்பு வருகிறது. அதே கணக்குதான் பிறகு தூக்கத்தையும் கெடுக்கிறது.

'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' கதையை எடுத்துக்கொள்ளுங்கள். 1943இல் கலைமகள் பத்திரிகையில் வந்தது. சென்னையில் பிராட்வேயும் எஸ்பிளனேடும் கூடுகிற முக்கில் நின்று கந்தசாமிப் பிள்ளை பலமாக யோசிக்கிறார். தத்துவ விசாரம் ஒன்றும் இல்லை. டிராமில் போனால் ஒன்றே காலணா, காலணா மிஞ்சும், வெற்றிலை பாக்கு போட்டுக்கொண்டு நடக்கலாம். பஸ்ஸில் ஏறி, சென்ட்ரலைத் தாண்டும்வரை கண்டக்டருக்குப் போக்குக் காட்டிவிட்டு அப்புறம் டிக்கெட் வாங்கினால் அரைக் கப் காப்பி குடிக்கலாம், ஆனால் வெற்றிலை கிடையாது. நான் மனசுக்குள் கூட்டிப் பார்த்தேன். ஆள் கையில் இருப்பது மொத்தம் ஒன்றரையணா. இந்த ஒன்றரையணாக்காரரிடம்தான் கடவுள் வந்து திருவல்லிக்கேணிக்கு வழி கேட்கிறார்.

இந்த இடத்தில் அத்தை என்னை நிறுத்தச் சொன்னார். கட்டிலுக்கு அடியில் இருக்கும் தகரப் பெட்டியைத் திறந்து, மஞ்சள் துணி முடிச்சு ஒன்றை எடுக்கச் சொன்னார். உள்ளே நடுவில் ஓட்டை போட்ட காலணாக் காசு. அவருடைய அப்பா கொடுத்ததாம். சின்ன வயதில் அரைஞாண் கயிற்றில் கோத்துப் போட்டிருந்தாராம். டியூப் லைட் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தேன். விளிம்பு தேய்ந்து, எழுத்து பாதி அழிந்திருந்தாலும் 1943 என்ற வருஷம் தெரிந்தது. யுத்த காலத்தில் உலோகத்தை மிச்சம் பிடிக்கத்தான் நடுவில் ஓட்டை போட்டு இந்தக் காசை அந்த வருஷம் கொண்டுவந்தார்கள். கதையும் அதே வருஷம்! காசைத் திரும்ப அத்தை உள்ளங்கையில் வைத்தேன். அவர் கட்டைவிரலால் அந்த ஓட்டையைத் தடவிக்கொண்டே, "இதுக்குத்தான் வெத்தலையா? இப்ப வாசி" என்றார். கதை முடியும்வரை காசைக் கீழே வைக்கவில்லை.

காப்பி ஹோட்டல் காட்சியில் கடவுள் ஒரு வாய் குடித்துவிட்டுத் தன் படைப்பை மெச்சிக்கொள்வார். பிள்ளை விடமாட்டார். அது உம்முடைய லீலை இல்லை ஓய், ஹோட்டல்காரன் போட்ட சிக்கரிப் பொடியின் வேலை, உம் லீலையைப் பில் வரும்போது காட்டும் என்கிற மாதிரி பதில் வரும். இதற்கு அத்தை சிரித்ததில் இருமல் வந்து, தண்ணீர் கொடுக்க வேண்டியிருந்தது. பிள்ளை நடத்துவது சித்த வைத்தியப் பத்திரிகை. கடவுளையே ஜீவிய சந்தாதாரராகச் சேர்க்கப் பார்க்கிறார், 25 ரூபாய். 'யாருடைய ஜீவியம்?' என்று கடவுள் கேட்பார். அந்த ஒரு கேள்விக்காக இந்தப் புத்தகம் முழுவதற்கும் காசு கொடுக்கலாம். சந்தா கட்டுகிறவருடைய ஜீவியமா, பத்திரிகையினுடையதா, நடத்துகிறவருடையதா? சாவில்லாதவரிடம் போய் ஆயுள் சந்தா கேட்டால் கணக்கை எப்படி முடிப்பது? கணக்கு எழுதுகிற எனக்கு இது உண்மையிலேயே பெரிய சிக்கல். இரண்டு நாள் யோசித்தேன்.

கடவுள் அவர் வீட்டில் தங்கிப் பார்க்கிறார், பிழைக்க வழி தேடிப் பார்க்கிறார், நாட்டியம்கூட ஆடிக் காட்டுகிறார். ஒன்றும் செல்லுபடியாகவில்லை. எட்டி நின்று வரம் கொடுக்கலாம், கூட இருந்து வாழ முடியாது என்ற இடத்துக்குக் கதை வந்து நிற்கிறது. கடைசியில் கடவுள் போன பிறகு பிள்ளை நோட்டை எடுத்து, கைலாசபுரம் பழைய பரமசிவம் பிள்ளை பேரில் ஜீவிய சந்தா வரவு 25 ரூபாய் என்று எழுதுவார். "கடவுளுக்கே வரவு வச்சுட்டானே, பாவி" என்று அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

இதைக் கேட்டதும் எனக்கு எங்கள் கடைப் பேரேடு ஞாபகம் வந்தது. அதில் பிள்ளையார் சுழிக்குக் கீழே முதல் கணக்கே சாமி பேரில்தான் இருக்கும். மகமைப் பணம், அதாவது வியாபாரத்தில் கோயிலுக்கென்று ஒதுக்குகிற பணம், அதில் வரவாகும், கோயில் செலவு பற்றாகும். வருஷக் கடைசியில் பாக்கியை அடுத்த பேரேட்டுக்குக் கொண்டுபோவோம். எத்தனையோ தடவை என் கையாலேயே எழுதியிருக்கிறேன். ஒரு நாளும் அதை விசித்திரமாக நினைத்ததில்லை. புதுமைப்பித்தன் நினைத்திருக்கிறார்.

'மனித யந்திரம்' வேறு விதம். 1937இல் மணிக்கொடி பத்திரிகையில் வந்த கதை. மீனாட்சிசுந்தரம் பிள்ளை ஒரு ஸ்டோர் குமாஸ்தா. 45 வருஷமாக அதே பாதை, அதே வீடு, அதே பலசரக்கு நெடி. உப்பு புளிக் கணக்கைக் கொண்டே மனிதர்களை அளந்து வைத்திருப்பவர். ஒரு ராத்திரி பெட்டிப் பணத்தை எடுத்துக்கொண்டு கொழும்புக்குப் போய்விடுவது என்று கிளம்புகிறார். ஸ்டேஷன்வரை போய்விட்டுத் திரும்பி வருகிறார். வந்து, செலவான சில்லறையைத் தன் பேரில் பற்று எழுதிக்கொள்கிறார். தொடக்கத்தில் நிறையச் சிரிக்க வைக்கும் கதை இது. ஆனால் ராத்திரி ஒன்பது மணிக்குக் கல்லாவை எண்ணி முடித்து, அவ்வளவு பணம் கையில் இருக்க, வீட்டில் சிலிண்டருக்குக் காசு இல்லாமல் உட்கார்ந்திருந்தவர்களுக்கு அந்தப் பற்று வரி என்னவென்று தெரியும். நல்லவர் என்பதால் திரும்பினாரா, பழக்கத்தால் திரும்பினாரா? கதை சொல்லாது, தலைப்பு மட்டும்தான் ஒரு பதிலைச் சொல்கிறது. நான் அந்தப் பதிலை ஒப்புக்கொள்ளவில்லை. எந்திரத்துக்கு ஸ்டேஷன்வரை போகத் தோன்றியிருக்காது.

'பொன்னகரம்' வாசித்த ராத்திரி சிரிப்பு நின்றுபோனது. 1934இல் எழுதியது, நாலைந்து பக்கம்தான் இருக்கும். ஊரைக் கேலி செய்கிற குரலில்தான் தொடங்கும். ஜட்கா வண்டி ஓட்டுகிற புருஷன் அடிபட்டுக் கிடக்கிறான், பால்கஞ்சி கேட்கிறான். அவன் மனைவி அம்மாளு இருட்டுச் சந்துக்குள் போய்விட்டு முக்கால் ரூபாயோடு வருகிறாள். அங்கேயும் கணக்குதான், ஆனால் அந்த முக்கால் ரூபாயை வாசிக்கும்போது எனக்குக் குரல் எழும்பவில்லை. அத்தை ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம், "அவ புருஷன் பிழைச்சானா?" என்று கேட்டார். கதையில் அது இல்லை என்றேன். "பிழைச்சிருப்பான்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்தார்.

'ஒரு நாள் கழிந்தது' கதையை நீங்களாகவே வாசித்துக்கொள்ளுங்கள். எழுத்தாளர் முருகதாசர், காப்பிப் பொடி இல்லாத வீடு, நண்பரிடம் வாங்குகிற எட்டணா, திங்கட்கிழமைக்குத் தள்ளிப்போடும் கடன். மாதக் கடைசியில் எல்லா வீட்டிலும் நடக்கிறதுதான்.

இன்னொரு சந்தோஷம், பேச்சு. புதுமைப்பித்தன் பிறந்தது 1906இல் திருப்பாதிரிப்புலியூரில் என்றாலும் வளர்ந்ததும் படித்ததும் எங்கள் பக்கம்தான், திருநெல்வேலி வண்ணாரப்பேட்டையும் இந்துக் கல்லூரியும். நெல்லைப் பேச்சை எழுத்தில் படித்தால் ஒரு மாதிரி, வாய்விட்டு வாசித்தால் வேறு மாதிரி. 'ஓய்', 'வே' என்று பிள்ளைமார் பேசுகிற இடங்களில் நான் நீட்டி முழக்கத் தெரியாமல் வாசித்தால் அத்தை திருத்துவார். வெளியூர்க்காரர்களும் தனியாக உட்கார்ந்து மனசுக்குள் படிக்காமல், இரண்டு பேராவது சேர்ந்து சத்தமாக வாசித்துப் பாருங்கள்.

குறைகளும் உண்டு. எல்லாக் கதையும் ஒரே தரம் இல்லை. ஆரம்ப காலத்தில் எழுதிய சிலவற்றில் சீண்டல்தான் இருக்கிறது, கதை தங்கவில்லை. சமஸ்கிருதச் சொற்கள் அடுக்கடுக்காக வரும் இடங்களில் நான் தடுமாறினேன். சில சாதிகளைப் பற்றி எழுதிய வார்த்தைகள் இன்றைக்கு வாசிக்க உறுத்துகின்றன. அந்த இடங்களில் நிறுத்தி அத்தையோடு பேசிவிட்டுத்தான் மேலே போனேன். புத்தகத்தின் கனத்தையும் சொல்ல வேண்டும். மடியில் தலையணை போட்டு அதன்மேல் வைத்தால்தான் ஒரு மணி நேரம் வாசிக்க முடிகிறது. வயதானவர்கள் படுத்துக்கொண்டு படிக்கத் தோதுப்படாது.

ஆனாலும் இந்தப் பதிப்பைத்தான் சொல்வேன். காரணம் இருக்கிறது. 2002இல் தமிழக அரசு அவர் எழுத்துகளை நாட்டுடைமை ஆக்கிய பிறகு யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம். மலிவாக இருக்கிறதே என்று முன்னால் ஒரு பதிப்பு வாங்கி ஏமாந்திருக்கிறேன். ஒரு கதை பாதியில் அறுந்து அடுத்த கதையின் நடுவில் தொடங்கியது. அதைவிட, 'ஒன்றே காலணா' என்பதை 'ஒரு காலணா' என்று அச்சடித்திருந்தார்கள். அந்த ஒரு எழுத்துப் பிழையில் கந்தசாமிப் பிள்ளையின் கணக்கே உதைக்கிறது! டிராமில் போனால் அரைக் கப் காப்பியும் வெற்றிலையும் இரண்டுமே கிடைத்துவிடுமே, அப்புறம் அவர் ஏன் முக்கில் நிற்க வேண்டும்? காலச்சுவடு பதிப்பில் ஒவ்வொரு கதையும் எந்தப் பத்திரிகையில் எப்போது வந்தது என்ற விவரமும், பதிப்புக்குப் பதிப்பு வார்த்தை மாறுகிற பாட வேறுபாடுகளும் பின்னால் இருக்கின்றன. சரிபார்த்த பேரேடு மாதிரி நம்பி வாசிக்கலாம்.

காசு செலவழிக்கும் முன் ருசி பார்க்க நினைக்கிறவர்களுக்கு தமிழ் நூல்களை இணையத்தில் சேர்த்து வைக்கும் மதுரைத் திட்டத்தில் இவருடைய கதைகள் இலவசமாக இருக்கின்றன. 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' முதலில், 'மனித யந்திரம்' அடுத்தது, 'பொன்னகரம்' மறுநாள். ஒரே ராத்திரியில் மூன்றையும் வாசிக்க வேண்டாம். எங்கள் வீட்டில் நாளைக்கு 'காலனும் கிழவியும்'. எமனுக்கும் ஒரு கிழவிக்கும் பேச்சு நடக்கிற கதை என்று மட்டும் சொன்னேன். "அப்ப அவதான் ஜெயிச்சிருப்பா" என்று அத்தை இன்றைக்கே சொல்லிவிட்டார்.