மகளின் கரப்பான் தோலோடு இரண்டரை வருஷம்: வீட்டில் எது நிலைத்தது, எது வெளியே போனது

மகளுக்கு இப்போது மூன்று வயது நடக்கிறது. கைக்குழந்தையாக இருந்தபோது கன்னத்தில் தொடங்கிய சிவப்பு, தவழ ஆரம்பித்ததும் முட்டிக்கும் கணுக்காலுக்கும் இறங்கியது. நடை பழகிய பிறகு முழங்கை மடிப்பிலும் முழங்காலின் பின்பக்க மடிப்பிலும் குடியேறிவிட்டது. எங்கள் பக்கம் கரப்பான் என்பார்கள். தோல் மருத்துவர் சீட்டில் அட்டோபிக் டெர்மடைட்டிஸ் என்று எழுதினார். இந்தக் காலத்தில் வீட்டுக்குள் வந்துபோன க்ரீம், எண்ணெய், சோப்பு, மாவு பற்றி எங்கள் அனுபவத்தை எழுதுகிறேன். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எந்த க்ரீம் நல்லது என்று தேடும் நேரத்தில் பாதியை, தினமும் எவ்வளவு தடவுகிறோம் என்று பார்ப்பதற்குக் கொடுங்கள். குழந்தை இரவில் தூங்கும்.

இந்தத் தோலில் என்ன குறை என்று புரிந்தபின்தான் எனக்கு மற்றதெல்லாம் தெளிவானது. மேல்தோல் செங்கல் சுவர் மாதிரி. செல்கள் செங்கல், இடையில் இருக்கும் செரமைட் முதலான கொழுப்புகள் கலவை. ஃபிலாக்ரின் என்ற புரதம் இந்தச் சுவரை உறுதியாக வைக்கிறது. அதை உருவாக்கும் மரபணுவில் உள்ள குறைக்கும் இந்த நோய்க்கும் உள்ள தொடர்பை 2006-ல் ஸ்காட்லாந்தின் டண்டீ ஆராய்ச்சியாளர்கள் காட்டினார்கள். எல்லாக் குழந்தைகளுக்கும் அந்த மரபணுக் குறை இருப்பதில்லை, ஆனால் சுவர் பலவீனமாக இருப்பது பொது. உள்ளிருக்கும் ஈரம் வெளியே போகிறது, வெளியே இருக்கும் தூசியும் சோப்பும் கிருமியும் உள்ளே வருகின்றன. அரிப்பு வருகிறது, சொறிகிறார்கள், சுவர் இன்னும் உடைகிறது. ஆகவே நாம் தடவுவது அழகுக்கு அல்ல. இல்லாத கலவையைத் தினமும் பூசுகிறோம்.

குளியலிலிருந்து தொடங்குகிறேன். எங்களுக்குக் கோயம்புத்தூர். குழாயில் இரண்டு தண்ணீர்: சிறுவாணி நல்ல தண்ணி, போர் உப்புத் தண்ணி. உப்புத் தண்ணிதான் காரணம் என்று அக்கம்பக்கத்தில் எல்லோரும் சொன்னார்கள். தண்ணீரின் கடினத்தன்மையைக் குறைக்கும் சாஃப்ட்னர் மெஷின் விலையைக்கூட விசாரித்தோம். 2011-ல் இங்கிலாந்தில் 336 குழந்தைகளை வைத்து இதையே சோதித்திருக்கிறார்கள். வீட்டில் மெஷின் மாட்டியும் கூடுதல் பலன் கிடைக்கவில்லை. அந்தப் பணம் மிச்சம். கடைசியில் ஊற்றும் இரண்டு சொம்பு மட்டும் சிறுவாணி, அது எங்கள் மனத்திருப்திக்கு.

தண்ணீரின் சூடுதான் பெரிய விஷயம். குழந்தைக்கு "நல்லா சுடச்சுட ஊத்துனாத்தான் உடம்பு அலுப்புப் போகும்" என்பது எங்கள் வீட்டுப் பழக்கம். சூட்டில் அரிப்பு கூடுகிறது, இருக்கும் கொஞ்ச எண்ணெய்ப்பசையும் போகிறது. வெதுவெதுப்பாக, ஐந்து முதல் பத்து நிமிடத்துக்குள் முடித்துவிடுகிறோம். சாதாரண சோப்பின் காரத்தன்மை பிஎச் 9, 10 என்று இருக்கும். தோல் இருப்பது 5.5 பக்கம். அதனால் வாசனை இல்லாத சின்டெட் கட்டி (காரம் குறைந்த, சோப்பு அல்லாத குளியல் கட்டி), அதுவும் அக்குள், தொடை இடுக்கு, அழுக்கான பாதம் ஆகியவற்றுக்கு மட்டும். துண்டால் ஒற்றி எடுத்து, ஈரம் முழுதாகக் காயும் முன்பே க்ரீம். குளியலறையிலேயே டப்பாவை வைத்துவிட்டோம். இந்த ஒரு மாற்றம் தந்த பலனை எந்த விலையுயர்ந்த பொருளும் தரவில்லை.

இனி அளவு. பிரிட்டனில் மருத்துவர்களுக்கான நைஸ் (NICE) சிகிச்சை வழிகாட்டி, இந்தக் குழந்தைகளுக்கு ஈரப்பசைப் பூச்சு வாரம் 250 முதல் 500 கிராம் வரை கொடுக்கச் சொல்கிறது. நம் ஊரில் 50 கிராம் ட்யூபை வாங்கி ஒரு மாதம் ஓட்டுகிறோம்! பிறகு "இந்த க்ரீம் கேக்கலை" என்று அடுத்ததற்குப் போகிறோம். நாங்கள் மார்கழி, தை மாதங்களில் அந்த அளவின் கீழ்ப்பக்கத்தைத் தொடுகிறோம், மழைக்காலத்தில் அதில் பாதி போதும். ஒரு நாளைக்கு மூன்று முறையாவது. தேய்க்காமல், முடி வளரும் திசையில் மேலிருந்து கீழாக இழுத்துவிட வேண்டும். பளபளப்பு தெரிய வேண்டும்.

எங்கள் வீட்டில் செரமைட் க்ரீம், வெறும் பெட்ரோலியம் ஜெல்லி, லிக்விட் பாரஃபின் கலந்த வெள்ளைப் பூச்சு, லோஷன் என்று எல்லாம் ஓடியிருக்கின்றன. லோஷன் தடவ எளிது, வெயில் காலத்துக்குப் போதும். பனிக்காலத்தில் ஒரு மணி நேரத்தில் தோல் மறுபடி சொரசொரவென்று ஆகிவிடும். பெட்ரோலியம் ஜெல்லி மலிவு, கண்ணெரிச்சல் இல்லை, வெடித்த இடத்தில் எரியாது. இரவுக்கு அதுதான் என் முதல் தேர்வு. ஆனால் சித்திரை வெயிலில் முதுகில் தடவினால் வியர்க்குரு கிளம்பும். செரமைட் க்ரீம் நன்றாக உள்ளே போகிறது, மகளுக்குப் பிடித்தது, விலைதான் கண்ணைக் கட்டுகிறது. 2022-ல் வந்த இன்னொரு பிரிட்டிஷ் ஆய்வில் 550 குழந்தைகளுக்கு லோஷன், க்ரீம், ஜெல், ஆயின்ட்மென்ட் என நான்கு வகையில் ஆளுக்கு ஒன்றைக் கொடுத்துப் பார்த்து, பலனில் வேறுபாடில்லை என்று கண்டார்கள். எனவே உங்கள் பட்ஜெட்டுக்கு அரைக் கிலோ டப்பா எது வருமோ, குழந்தை ஓடாமல் நிற்பது எதற்கோ, வாசனை இல்லாதது எதுவோ அதை வாங்குங்கள். டப்பாவில் விரல் விடாமல் சுத்தமான ஸ்பூனால் எடுங்கள்.

தேங்காய் எண்ணெய் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். 2014-ல் வெளியான பிலிப்பைன்ஸ் ஆய்வில், லேசான, நடுத்தர நிலையில் இருந்த 117 குழந்தைகளில் பச்சைத் தேங்காய் எண்ணெய் பூசியவர்களுக்கு நோயின் தீவிரம் எட்டு வாரத்தில் சராசரியாக 68 சதவீதம் குறைந்தது. மினரல் ஆயில் பூசியவர்களுக்கு 38 சதவீதம். எங்கள் அனுபவமும் அதோடு ஒத்துப்போகிறது: தோல் அமைதியாக இருக்கும் மாதங்களில் நல்ல எண்ணெய், மார்கழிப் பனிக்கு அது மட்டும் போதாது. வெளிநாட்டிலிருந்து வந்த ஆலிவ் எண்ணெயைச் சமையலுக்கு அனுப்பிவிட்டேன். அது தோலின் தடுப்புச் சுவரைக் கெடுக்கிறது என்று 2013-ல் ஆய்வு வந்திருக்கிறது.

நலங்கு மாவை நிறுத்துவதுதான் மனசுக்குக் கஷ்டமாக இருந்தது. அத்தை கையால் கஸ்தூரி மஞ்சள், பூலாங்கிழங்கு, ஆவாரம்பூ, பச்சைப்பயறு எல்லாம் காயவைத்து அரைத்துக் கொடுத்தது. ஆரோக்கியமான தோலுக்கு நானும் போடுவேன். உடைந்த தோலில் அந்த நறநறப்பு புண்ணாக்குகிறது. அதைவிட முக்கியம், பயறும் கடலையும் உணவு. வாய்வழியாகப் பழக வேண்டிய உணவு உடைந்த தோல் வழியாக உள்ளே போனால் ஒவ்வாமை உருவாகலாம். ஜப்பானில் கோதுமைப் புரதம் சேர்த்த முகச் சோப்பைப் பயன்படுத்திய இரண்டாயிரம் பேருக்கு மேல் கோதுமை ஒவ்வாமை வந்தது. அத்தையிடம் இதைச் சொன்னபோது, "அப்ப வேண்டாம் கண்ணு, பாப்பா பெரிசாகட்டும்" என்று டப்பாவை எடுத்து மேலே வைத்துவிட்டார். கத்தரிக்காய், கருவாடு விஷயத்தில் மட்டும் இன்னும் பேச்சு நடக்கிறது. மருத்துவர் சோதித்துச் சொல்லாமல் முட்டை, பால் எதையும் நாங்கள் நிறுத்தவில்லை, வளர்கிற குழந்தை.

ஸ்டீராய்டு பற்றிப் பேசாமல் இந்தப் பகிர்வு முழுமையாகாது. இரண்டு பக்கமும் தவறு நடக்கிறது. ஒரு பக்கம், பெயரைக் கேட்டதும் பயந்து, மருத்துவர் எழுதியதைக்கூடத் தடவாமல் குழந்தையை ரத்தம் வரச் சொறிய விடுகிறோம். இன்னொரு பக்கம், கடையில் கேட்டு வாங்கும் கலவைக் களிம்பு: ஸ்டீராய்டு, பூஞ்சை மருந்து, ஆன்டிபயாடிக் மூன்றும் ஒரே ட்யூபில். இரண்டு நாளில் பளிச்சென்று ஆகும், மாதக்கணக்கில் போட்டால் தோல் மெலியும். 2018-ல் மத்திய அரசு 14 ஸ்டீராய்டு பூச்சுகளைச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத எச் அட்டவணைக்குள் கொண்டுவந்தது இதற்காகத்தான். மகளுக்கு எழுதிக்கொடுத்தது வீரியம் குறைந்த வகை, சிவந்த இடத்தில் மட்டும், சில நாட்களுக்கு. அளவுக்கு விரல்நுனிக் கணக்கு: பெரியவர் ஆள்காட்டி விரலின் கடைசிக் கணு நீளத்துக்குப் பிதுக்கினால் அரை கிராம், பெரியவரின் இரண்டு உள்ளங்கை அகலத்துக்கு அது போதும். ஈரப்பசைக் க்ரீமுக்கும் இதற்கும் அரை மணி இடைவெளி விடுகிறோம். சிவப்பு தெரிந்த உடனே சரியாகப் போட்டதால், மொத்தத்தில் குறைவாகத்தான் தேவைப்பட்டது. இரண்டு வயதுக்குப் பின் கண்ணிமை ஓரத்துக்கு ஸ்டீராய்டு அல்லாத களிம்பான 0.03 சதவீத டாக்ரோலிமஸை மருத்துவர் கொடுத்தார். முதல் சில நாள் எரிகிறது என்று அழுதாள், பிறகு பழகிவிட்டது.

ஓர் எச்சரிக்கையை அழுத்திச் சொல்ல வேண்டும். பாரஃபின் மட்டுமல்ல, எந்த ஈரப்பசைப் பூச்சும் துணியில் ஊறிக் காய்ந்தால் அந்தத் துணி எளிதில் தீப்பிடிக்கும். துவைத்தாலும் முழுசாகப் போவதில்லை. பிரிட்டனின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2018-ல் இதற்காகவே எச்சரிக்கை விடுத்தது. நம் வீடுகளில் சாமி விளக்கு, கார்த்திகை தீபம், தீபாவளி மத்தாப்பு எல்லாம் குழந்தையின் உயரத்தில் இருக்கின்றன. அந்த நாட்களில் மகளுக்குப் புதுப் பருத்தி உடுப்பு (ஒரு தடவை அலசியது), தீயிலிருந்து நல்ல தூரம், பக்கத்தில் ஒரு பெரியவர்.

மஞ்சள் பொருக்கு, நீர் வடிதல், காய்ச்சல் என்றால் அன்றே மருத்துவரிடம் போங்கள். குத்தினது போலக் கொத்துக் கொத்தாக வலிக்கும் கொப்புளம் என்றால் காத்திருக்கவே கூடாது. ஹெர்பீஸ் தொற்றாக இருக்கலாம்.

ஜூனில் ப்ளே ஸ்கூல். சின்ன டப்பாவில் க்ரீம் கொடுத்து, தண்ணீரில் விளையாடிய பிறகு ஒற்றித் துடைத்துத் தடவிவிடும்படி ஆயாம்மாவிடம் சொல்லியிருக்கிறோம். மற்ற பெற்றோர் கேட்கக்கூடும் என்று மிஸ்ஸிடமும் பேசிவிட்டேன்: இது ஒட்டாது, கை கோத்து விளையாடலாம், ஒரே பாயில் தூங்கலாம்.