வாண்டர்பில்ட் வீடா, ராக்ஃபெல்லர் வீடா?

ரெண்டு பேருமே 19ஆம் நூற்றாண்டு அமெரிக்காவுல கொடிகட்டிப் பறந்த தொழிலதிபருங்க, ஆனா வீடுன்னு வந்தா மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

கார்னீலியஸ் வாண்டர்பில்ட் 1794ல ஸ்டேட்டன் தீவுல பிறந்தவரு, படகு, நீராவிக் கப்பல், அப்புறம் ரயில்வேன்னு வளர்ந்தாரு. ஆரம்பத்துல நியூ பிரன்ஸ்விக்ல அவர் மனைவி சோபியா சத்திரம் நடத்தித்தான் குடும்பம் ஓடுச்சு, மொத்தம் 13 பிள்ளைங்க வேற. அந்த அம்மாவையே 1846ல மனநல விடுதில கொண்டு போய் விட்டாரு, படிக்கும்போது எனக்கு மனசே ஆறல. மூத்த மகன் வில்லியம் எதுக்கும் லாயக்கில்லன்னு பண்ணைக்கு அனுப்பிட்டு, கடைசில 1877ல சாகும்போது சுமார் 10 கோடி டாலர் சொத்துல பெரும்பங்க அவருக்கே எழுதி வெச்சிட்டாரு, மத்த பிள்ளைங்க கோர்ட்டுக்குப் போனாங்க.

ராக்ஃபெல்லரும் தொழில்ல இரக்கம் பாக்கல. 1870ல ஸ்டாண்டர்ட் ஆயில்ங்கிற எண்ணெய்க் கம்பெனிய ஆரம்பிச்சு, 1872ல கிளீவ்லேண்ட் நகரத்துல இருந்த எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைங்கள்ல 22ஐ சில வாரத்துலயே வளைச்சுப் போட்டாரு. ஆனா வீட்டுல மனைவி லாரா பேச்சுக்கு மரியாதை இருந்துச்சு. பிள்ளைங்களுக்கு ஆளுக்கொரு மூணு சக்கர சைக்கிள் வாங்கலாம்னு அவர் சொன்னப்போ, காசுக்காக இல்ல, ஒண்ணு மட்டும் இருந்தாத்தான் விட்டுக்கொடுக்கக் கத்துக்குவாங்கன்னு அந்த அம்மா தடுத்தாங்க. பிள்ளைங்க ஆளுக்கொரு கணக்கு நோட்டு எழுதணும், ஒரே பையன் எட்டு வயசு வரைக்கும் அக்காங்களோட பழைய டிரெஸ்ஸத்தான் போட்டான்.

தொழில்ல யார் பெரியவர்னு கேட்டா சொல்றது கஷ்டம். பிள்ளையா பிறக்கிறதுன்னா எனக்கு அந்த ஒத்த சைக்கிள் வீடுதான்.