திருநெல்வேலித் தபால் வரலாறும் லண்டன் கேட்லாக்கும்: நீண்ட நாள் பயன்பாட்டில் தெரிந்தவை

லண்டனில் உள்ள போஸ்டல் மியூசியத்தின் ஆன்லைன் கேட்லாக்கில் நம் ஊர்ப் பெயரை அடித்துத் தேடுவது அநேகமாக ஏமாற்றத்தில்தான் முடியும். திருநெல்வேலி, பாளையங்கோட்டை, அம்பாசமுத்திரம் என்று ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்துவிட்டு, "நமக்கு இதில் ஒன்றும் இல்லை" என்று மூடிவிடுகிறவர்கள் நிறைய. குறை கேட்லாக்கில் இல்லை. அது ஊர்களின் பட்டியல் அல்ல, ஓர் அலுவலகத்தின் காகிதப் பட்டியல். அந்த அலுவலகம் பிரிட்டிஷ் தபால் துறையின் தலைமையகம். பாளையங்கோட்டைத் தபால் ஆபீசுக்கு போஸ்ட்மாஸ்டர் நியமிப்பதோ, ஸ்ரீவைகுண்டத்துக்கு ரன்னர் ஓட விடுவதோ அதன் வேலையே அல்ல. அதெல்லாம் முதலில் கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னை அரசாங்கமும், 1854-க்குப் பிறகு இந்தியத் தபால் துறையும் பார்த்தவை. லண்டன் பார்த்தது கடல்வழியை: எந்தக் கப்பல், என்ன ஒப்பந்தம், எவ்வளவு கட்டணம், எந்தத் துறைமுகத்தில் பை மாறுகிறது. இதை மனதில் வைத்துத் தேடினால் இந்தக் கேட்லாக் நன்றாகவே உழைக்கிறது.

கேட்லாக்கின் அமைப்பு மரம்போல. மேலே 'போஸ்ட்' என்ற சொல்லும் ஓர் எண்ணும் சேர்ந்த பெரும்பிரிவு, அதற்குள் உட்பிரிவு, அதற்குள் தனிக் கட்டு. கடல்கடந்த தபால் ஆராய்ச்சிக்கு நம்மவர்களுக்கு முதலில் வேண்டியது போஸ்ட் 29. பாக்கெட் கப்பல்கள், அதாவது தபால் கொண்டுபோக ஏற்படுத்திய கப்பல்கள் பற்றி 1811 முதல் 1920 வரையிலான கோப்புக் கட்டுகள் அதில் இருக்கின்றன. மேலதிகாரியின் முடிவுக்குப் போன விஷயங்களைப் பதிந்த அதே காலத்து மினிட் புத்தகங்கள் போஸ்ட் 34-இல். கப்பல் கம்பெனிகளோடு போட்ட ஒப்பந்தங்கள் போஸ்ட் 51-இல். தேடல் பெட்டியில் சொல்லை அடிப்பதற்கு முன்னால் இந்த மூன்றின் பிரிவு முன்னுரையையும் முழுதாகப் படித்துவிடுவது நல்லது. அலுப்பான வாசிப்புதான். ஆனால் காகிதங்கள் எந்த முறையில் கட்டப்பட்டன என்பது அங்கேதான் எழுதியிருக்கும்.

அந்தக் கட்டும் முறைதான் புதிதாக வருகிறவர்களைக் கவிழ்க்கிறது. ஒரு விஷயம் மேலதிகாரியின் முடிவுக்குப் போனால் அதற்கு ஒரு மினிட் எண் விழும். சில வருடம் கழித்து அதே விஷயம் மறுபடி கிளம்பினால், பழைய காகிதங்களை எடுத்து வந்து புதிய எண்ணோடு சேர்த்துக் கட்டிவிடுவார்கள். நம் வீடுகளில் கடைசிக் கிரயப் பத்திரத்தோடு மூலப்பத்திரங்களை எல்லாம் சேர்த்துக் கட்டி வைத்திருப்பது போலத்தான். ஆகவே நீங்கள் தேடும் கடிதம் நாற்பது வருடம் பிந்தைய கட்டுக்குள் உட்கார்ந்திருக்கலாம். தேதி வடிகட்டியை முதலிலேயே போட்டு 1840 முதல் 1850 வரை என்று நெருக்கினால், கட்டின் தலைப்பில் பிந்தைய வருடம் மட்டும் இருக்கும்போது அது கண்ணில் படாமலே போய்விடும். முதல் சுற்றில் தேதியே போடாதீர்கள். சொல்லால் தேடி, வந்ததைக் கட்டின் கடைசி வருடப்படி வரிசைப்படுத்திக்கொண்டு, பிறகு ஒவ்வொன்றின் விவரக் குறிப்பையும் திறந்து பாருங்கள். நேரம் பிடிக்கும். குறுக்கு வழி கிடையாது.

பழைய தபால் வரலாற்று நூல்களின் அடிக்குறிப்புகளில் இன்றைய எண் இருக்காது. பாக்கெட் என்பதன் சுருக்கம், ஓர் எண், ஒரு சாய்கோடு, ஒரு வருடம் என்று இருக்கும். அதுதான் மினிட் எண். அதை அப்படியே பொதுத் தேடலில் ஒட்டினால் சாய்கோட்டால் தேடல் தடுமாறலாம். விரிவுத் தேடலில் பழைய குறிப்பெண்ணுக்கான இடம் இருந்தால் அங்கே போடுங்கள். இல்லையென்றால் எண்ணைத் தனியாகவும் வருடத்தைத் தனியாகவும் பிரித்து அடியுங்கள்.

இன்னொரு பெரிய பள்ளம் 1837 முதல் 1860 வரை. அந்தக் காலத்தில் கப்பல் ஒப்பந்தங்கள் தபால் துறையிடம் இல்லை. கடற்படைத் தலைமையான அட்மிரால்டியிடம் போய், 1860-இல் திரும்பி வந்தன. பி அண்ட் ஓ கம்பெனி சூயஸிலிருந்து இலங்கையின் காலித் துறைமுகம், சென்னை வழியாகக் கல்கத்தாவுக்கு நீராவிக் கப்பல் ஓட்டத் தொடங்கியது சரியாக இந்தக் காலத்தில்தான். மிஷனரிகள் பாளையங்கோட்டையிலிருந்தும் இடையன்குடியிலிருந்தும் எழுதிய ஏராளமான கடிதங்களின் காலமும் இதுவே. ஒப்பந்தத்தின் மூலத்தை போஸ்டல் மியூசியத்தில் தேடிக் காணாமல் போனால், கியூவில் உள்ள பிரிட்டிஷ் தேசிய ஆவணக்காப்பகத்தின் அட்மிரால்டி வரிசைக்குப் போக வேண்டும். தபால் துறை எழுப்பிய கேள்விகளும் கட்டணத் தகராறுகளும் மட்டும் போஸ்ட் 29-இல் மிஞ்சும்.

தேடுசொற்களைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வெற்றியும் தோல்வியும் அங்கேதான். கேட்லாக் முழுக்க ஆங்கிலம். தமிழில் அடிக்கும் ஆசையை விட்டுவிடலாம். ஊருக்குப் பதில் வழியை அடியுங்கள்: சூயஸ், காலி, ஏடன், மார்செய், பிரிண்டிசி. சேவையின் அந்தக் காலப் பெயரை அடியுங்கள். 1815 சட்டத்தின்படி தொடங்கிய சேவைக்கு 'இந்தியா பாக்கெட்' என்றும், பாக்கெட் அல்லாத வணிகக் கப்பலில் போன கடிதத்துக்கு 'ஷிப் லெட்டர்' என்றும் எழுதியிருப்பார்கள். இந்தியா உலகத் தபால் ஒன்றியத்தில் சேர்ந்தது 1876 ஜூலை 1. ஆனால் அந்த அமைப்புக்கு 1878 வரை 'ஜெனரல் போஸ்டல் யூனியன்' என்றுதான் பெயர். 'யுனிவர்சல்' என்று மட்டும் தேடினால் அந்த முதல் வருடங்கள் நழுவிவிடும்.

உள்நாட்டுத் தபாலுக்கு இந்தியக் கேட்லாக்குகளுக்கு வரும்போது சொல் மாறுகிறது. வடக்கே 'டாக்' என்று எழுதிய இடத்தில் சென்னை மாகாண அதிகாரிகள் ஆங்கிலத்திலேயே 'தப்பால்' என்று எழுதினார்கள். அதிலும் ஒற்றை 'பி', இரட்டை 'பி', ஒற்றை 'எல்', இரட்டை 'எல்' என்று எல்லாக் கலவையும் உண்டு. ஊர்ப் பெயர்களும் அப்படியே. டின்னெவெல்லியில் 'என்' இரண்டா ஒன்றா என்பது எழுதிய குமாஸ்தாவைப் பொறுத்தது. பாலம்கோட்டாவின் கடைசியில் 'எச்' வரலாம், வராமலும் போகலாம். ஸ்ரீவைகுண்டத்துக்கு முன்னால் 'ஸ்ட்ரி' போட்டவர்களும் உண்டு. எழுத்து மாறத் தொடங்கும் இடத்துக்கு முன்னால் நிறுத்தி, மீதி எதுவானாலும் சரி என்பதற்கு நட்சத்திரக் குறி போடுவது பெரும்பாலான கேட்லாக்குகளில் வேலை செய்யும். குறியைச் சொல்லின் தொடக்கத்தில் போடுவதைப் பல கேட்லாக்குகள் ஏற்பதில்லை.

பழைய காலத்துக்கு 'டின்னெவெல்லி'யை விடப் பாளையங்கோட்டையை முதலில் தேடுங்கள். படை, ஆங்கில அதிகாரிகள், மிஷன் எல்லாம் ஆற்றுக்குக் கிழக்கே அங்கேதான். எல்லைகளையும் கவனிக்க வேண்டும். 1910-இல் ராமநாதபுரம் மாவட்டம் உருவாகும் வரை ஸ்ரீவில்லிபுத்தூரும் சாத்தூரும் திருநெல்வேலி மாவட்டம். தூத்துக்குடி பிரிந்தது 1986-இல், தென்காசி 2019-இல். செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர் பக்கம். அதனால் அங்கே பிரிட்டிஷ் இந்தியத் தபாலைத் தவிர சமஸ்தானத்தின் 'அஞ்சல்' சேவையும் ஓடியது. 1888 முதல் அதற்கெனச் சங்குச் சின்னத் தபால்தலைகள், 1951-இல் இந்தியத் தபாலோடு இணைப்பு. செங்கோட்டை அஞ்சல் முத்திரையோடு ஒரு கவர் கையில் இருந்தால் லண்டனிலும் எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக்காப்பகத்திலும் நேரத்தை வீணாக்காமல் நேராகக் கேரள மாநில ஆவணக்காப்பகத்தைக் கேளுங்கள்.

தூத்துக்குடி ஒரு தனிச் சிக்கல். 1876-இல் ரயில் வந்தது முதல், 1914-இல் தனுஷ்கோடி–தலைமன்னார் வழி திறக்கும் வரை, கொழும்புக்குப் போக முக்கிய வழி அதுதான். ஆனால் இலங்கை தனிக் குடியேற்ற நாடு, அதன் தபால் துறையும் தனி. அந்தக் கடிதப் போக்குவரத்து கியூவில் சி.ஓ. 54 என்ற இலங்கை வரிசையில் இருக்கிறது. ஒரே கப்பல் சேவைக்கு இந்தியப் பக்கக் காகிதம் டில்லி தேசிய ஆவணக்காப்பகத்திலும் இலங்கைப் பக்கக் காகிதம் கியூவிலும் பிரிந்து கிடக்கும். இரண்டையும் வைத்துப் பார்க்காமல் தூத்துக்குடித் தபால் பற்றி எழுதக் கூடாது என்பதே எங்கள் கருத்து.

டில்லி தேசிய ஆவணக்காப்பகத்தின் அபிலேக் படல் தளத்தை இதோடு ஒப்பிட்டால், வசதியில் டில்லி முந்துகிறது, விவரிப்பில் லண்டன். அபிலேக் படலில் இலவசமாகப் பதிவு செய்தால் ஸ்கேன் செய்த கோப்புகளை வீட்டிலிருந்தே பார்க்கலாம். ஆனால் தேடல் நடப்பது கோப்பின் தலைப்பு வரியில்தான், உள்ளே உள்ள எழுத்தில் அல்ல. அந்தத் தலைப்பில் எழுத்துப்பிழை இருந்தால் கோப்பு காணாமல் போனதற்குச் சமம். துறையைத் தேர்ந்து வருடவாரியாகப் புரட்டுவது அதைவிட நம்பகமானது. 1905-க்குப் பிறகு தபால் விவகாரம் வணிக–தொழில் துறைக்குள் வரும். அதற்கு முன்னால் உள்துறை, நிதித்துறை என்று அலைய வேண்டும். 'பிராக்ஸ்' (நடவடிக்கைகள் என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்று தொடங்கும் குறிப்பெண்ணில் எண்களும் மாதமும் வருடமும் மூன்றும் முக்கியம். மாதத்தை விட்டுவிட்டால் அந்தக் குறிப்பெண் யாருக்கும் பயன்படாது. 'ஏ' என்று குறித்தவை அச்சான விரிவான நடவடிக்கைகள். 'பி' பெரும்பாலும் சில்லறைக் காகிதம். இருந்தாலும் ஒரு சின்ன ஊரில் தபால் ஆபீஸ் திறந்ததோ மூடியதோ 'பி'யில்தான் சிக்கும். 1854-க்கு முந்தைய மாவட்டத் தபாலுக்கு ஆன்லைனில் தேடுவதைவிட எழும்பூருக்கே போவது மேல். தமிழ்நாடு ஆவணக்காப்பகம் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில்தான். கலெக்டர் ஆபீசின் பழைய தொகுதிகள் அங்கே.

லண்டனிலிருந்து நகல் வாங்க நினைப்பவர்களுக்குச் சில நடைமுறைக் குறிப்புகள். கேட்லாக்கில் ஒரு கட்டு இருக்கிறது என்பதால் அது ஸ்கேன் ஆகிவிட்டது என்று பொருளல்ல. பெரும்பாலானவற்றுக்கு விவரம் மட்டும்தான் இருக்கும். மின்னஞ்சலில் பிரிவு எண், கட்டு எண், தலைப்பு, தேதி நான்கையும் எழுதுங்கள். கேட்லாக் பக்கத்தின் இணைப்பை மட்டும் அனுப்பாதீர்கள். மென்பொருள் மாறும்போது இணைப்புகள் செத்துவிடும், எண் நிலைத்திருக்கும். "முழுக் கட்டும் வேண்டும்" என்று கேட்டால் தொகை பயமுறுத்தும், கட்டு ஒவ்வொன்றும் தடிமன். எத்தனை பக்கம், எந்தப் பக்கங்களில் இந்தியா பற்றி வருகிறது என்று முதலில் விசாரித்து, கட்டண மதிப்பீடு வந்த பிறகு முடிவு செய்யுங்கள். உங்கள் கார்டில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையை வங்கியின் செயலியில் திறந்து வைத்திருக்க வேண்டும். பணம் போகாமல் நிற்பதற்கு வழக்கமான காரணம் அதுதான். அங்கே காலை ஒன்பது மணி என்றால் இங்கே குளிர்காலத்தில் பிற்பகல் இரண்டரை, கோடையில் ஒன்றரை. போனில் பேச வேண்டியிருந்தால் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு முயலுங்கள்.

தேடியதை எல்லாம் உங்கள் பக்கத்தில் சேமித்து வைக்க வேண்டும். 2023 அக்டோபரில் பிரிட்டிஷ் லைப்ரரி சைபர் தாக்குதலில் சிக்கியபோது, அங்குள்ள இந்தியா ஆபீஸ் (இந்தியாவை ஆண்ட லண்டன் அலுவலகம்) ஆவணங்களைத் தேடுபவர்களுக்குக் கேட்லாக்கே இல்லாமல் போனது. சென்னை மாகாணத் தபால் பற்றி லண்டன் வரை போன விவகாரங்களுக்கு அங்குள்ள எஃப்/4 வரிசை முக்கியமானது. முன்பே எண்களைக் குறித்து வைத்திருந்தவர்களுக்காவது கேட்க ஏதோ கையில் இருந்தது. ஒரு சாதாரண எக்ஸெல் தாள் போதும். ஆவணக்காப்பகம், முழுக் குறிப்பெண், தலைப்பு அப்படியே ஆங்கிலத்தில், தொடக்க வருடம், முடிவு வருடம், எந்தச் சொல்லால் கிடைத்தது, பார்த்த தேதி என்று ஏழு கட்டங்கள். ஒன்றும் கிடைக்காத சொற்களையும் எழுதுங்கள். இல்லாவிட்டால் ஆறு மாதம் கழித்து அதே சொல்லை மறுபடி அடித்துக்கொண்டிருப்பீர்கள். பூஜ்ய முடிவு வந்த சொற்களை மட்டும் வருடத்துக்கு ஒருமுறை திரும்ப ஓட்டிப் பாருங்கள். புதிதாக விவரித்த கட்டுகள் கேட்லாக்கில் சேர்ந்துகொண்டே இருக்கும்.