பழைய மாருதி 800 வாங்குகிறீர்களா? பானெட்டைத் தூக்கும் முன் ஆர்.சி. புத்தகத்தைப் படியுங்கள்

1992 மாடல் மாருதி 800. கார்ப்பரேட்டர், நாலு கியர், ஏசி கிடையாது, பவர் ஸ்டீயரிங் கிடையாது. கோயம்புத்தூரில் ஒரு ஷெட்டில் தூசி படிந்து நின்ற வண்டியை வாங்கி, என்ஜினை இறக்கி, துருப்பிடித்த தகட்டை வெட்டி ஒட்டி, பெயின்ட் அடித்து, இப்போது அதில்தான் வேலைக்குப் போய் வருகிறேன். இன்றைக்கு இந்த வண்டியை வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில், தாராளமாக வாங்கலாம். ஆனால் பொதுவாகப் 'பழைய 800' என்று ஒரு வண்டி கிடையாது. கடற்கரையில் இருந்த 800, மலையில் ஓடிய 800, கேஸில் ஓடிய 800, ஓடாமலே நின்ற 800 என்று தனித்தனியாகத்தான் உண்டு. உங்கள் கைக்கு வருவது எது என்று தெரிந்துகொள்ளாமல் ஒர்க்‌ஷாப்பில் விட்டால் பணம் தேவையில்லாத இடத்தில் போய்க் கரையும்.

இந்த வண்டியின் வம்சத்தைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஸ்பேர் வாங்கும்போது இது தெரியாவிட்டால் திண்டாட வேண்டும். 1983 டிசம்பர் 14 அன்று டெல்லிக்காரர் ஹர்பால் சிங்கிடம் இந்திரா காந்தி முதல் வண்டியின் சாவியைக் கொடுத்தார். ஹர்பால் சிங் கடைசி வரை அதை விற்கவில்லை, பிறகு துருப்பிடித்துக் கிடந்த அந்த வண்டியை நிறுவனமே சரிசெய்து தன் தலைமையகத்தில் வைத்திருக்கிறது. அந்தப் பழைய உருவம் 1986 வரைதான். அப்புறம் வந்ததுதான் நம் ஊரில் எல்லோருக்கும் நினைவிருக்கும் 800. 1997இல் முகம் மாறியது, 2000இல் கார்ப்பரேட்டருக்குப் பதிலாக எம்பிஎஃப்ஐ, அதாவது எலெக்ட்ரானிக் முறையில் பெட்ரோல் செலுத்தும் என்ஜின், வந்தது, 2014 ஜனவரியில் உற்பத்தி நின்றது. என்னுடையது 1986-க்கும் 1997-க்கும் இடைப்பட்ட உருவம். இதன் என்ஜின் 796 சிசி, மூன்று சிலிண்டர், கம்பெனி வைத்த பெயர் எஃப்8பி. அதே குடும்ப என்ஜின் மாருதியின் ஆம்னி வேனிலும் இருந்தது, ஆம்னி 2019 வரை வந்தது, அதனால் கிளட்ச் பிளேட், பிஸ்டன் ரிங், டைமிங் பெல்ட், கேஸ்கட் எல்லாம் இன்றும் தட்டுப்பாடு இல்லாமல் கிடைக்கின்றன. கஷ்டம் முழுக்க பாடியில்தான்.

சரி, ஆர்.சி.க்கு, அதாவது வண்டியின் பதிவுச் சான்றுக்கு, வருகிறேன். 90களில் வாங்கிய வண்டிக்குப் பழைய காகிதப் புத்தகம் இன்னும் உயிரோடு இருந்தால் அது பெரிய வரம். ஒவ்வொரு பெயர் மாற்றமும் தேதியோடு, தகப்பனார் பெயரோடு, விலாசத்தோடு, ஆர்.டி.ஓ. முத்திரையோடு அதில் ஏறியிருக்கும். ஸ்மார்ட் கார்டாக மாறியிருந்தால் இப்போதைய ஓனர் பெயர்தான் இருக்கும், பரிவாகன் என்ற அரசு இணையதளத்தில் தேடினால் எத்தனையாவது ஓனர் என்று தெரியுமே தவிர பெயரை மறைத்துத்தான் காட்டும். அதனால் வண்டியை விற்பவரிடம் முதலில் கேட்க வேண்டியது, 'பழைய புத்தகம் வீட்டில் எங்கேயாவது கிடக்குதுங்களா?' என்பதுதான். எனக்கு விற்றவர் பழைய இன்சூரன்ஸ் பேப்பர்களோடு சேர்த்து ஒரு பிளாஸ்டிக் கவரில் வைத்திருந்தார். விலை பேசும்போது அந்தக் கவருக்காகவே நான் அதிகம் இழுக்கவில்லை.

அதில் நான்கு பெயர்கள் இருந்தன. முதல் பெயர் தூத்துக்குடி, வண்டி நம்பரும் டி.என். 69 தான். பதிவு செய்த அன்றே ஒரு வங்கியின் பெயரில் ஹைப்போதிகேஷன், அதாவது வண்டி கடனுக்கு ஈடு என்ற குறிப்பு, ஏறியிருந்தது, சில வருடம் கழித்து அது ரத்தான முத்திரையும் இருந்தது. (இந்த ரத்து முத்திரை இல்லாத வண்டியை வாங்காதீர்கள். முப்பது வருடத்துக்கு முந்தைய கடன் முடிந்துதான் இருக்கும், ஆனாலும் படிவம் 35-இல் வங்கி கையெழுத்துப் போடாமல் பெயர் மாறாது, அந்தக் கிளையில் பழைய கணக்கைத் தேடி எடுக்க வைப்பது தனிப் போராட்டம்.) இரண்டாவது பெயர் குன்னூர். மூன்றாவது பெயர் கோயம்புத்தூர், அந்தப் பக்கத்தில் எரிபொருள் என்ற இடத்தில் பெட்ரோல்/எல்பிஜி என்று மாற்றி எழுதப்பட்டிருந்தது. நான்காவதும் கோயம்புத்தூர்தான். பதினைந்து வருடம் முடிந்து 2007இல் எஃப்.சி. (வண்டி ஓடத் தகுதியானது என்ற சான்று) காட்டிப் பதிவைப் புதுப்பித்திருக்கிறார்கள், அடுத்தது 2012இல் வந்திருக்க வேண்டும், வரவில்லை, 2018இல்தான் வந்திருக்கிறது.

இந்த நான்கு பக்கத்தைப் படித்ததும் வண்டியில் எங்கே என்ன இருக்கும் என்று ஏறக்குறைய எழுதிவிடலாம். தூத்துக்குடி என்றால் உப்புக் காற்று, அடித்தகடு போயிருக்கும். குன்னூர் என்றால் மேட்டுப்பாளையம் ரோட்டில் பதினான்கு கொண்டை ஊசி வளைவு ஏறி இறங்கிய வண்டி, கிளட்ச், இரண்டாவது கியர், பிரேக் டிரம், முன்பக்க சஸ்பென்ஷன் ஸ்ட்ரட் உட்காரும் இடம் எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். எல்பிஜி என்றால் வால்வு சீட் தேய்ந்திருக்கும், ஏனென்றால் கேஸ் காய்ந்த எரிபொருள், வெப்பமும் கூடுதல். டிக்கியில் சிலிண்டர் மாட்டப் போட்ட ஓட்டைகள் வழியாகத் தண்ணீர் இறங்கி ஸ்டெப்னி குழியில் தேங்கியிருக்கும். 2012-க்கும் 2018-க்கும் நடுவே எஃப்.சி. இல்லை என்றால் நின்ற வண்டி: பெட்ரோல் டேங்க் உள்ளே துரு, பிரேக்கின் வீல் சிலிண்டர் இறுகியிருக்கும், ரப்பர் என்று பெயர் உள்ள எதுவும் உருப்படியாக இருக்காது.

இதில் ஒன்றுகூடத் தப்பவில்லை.

பாடி வேலைக்கு முதலில் பார்த்த ஒரு பெயின்ட் கடையில் துருவைத் தேய்த்துவிட்டு மேலே பட்டி வைத்து அடித்துத் தந்துவிடுவதாகச் சொன்னார்கள், விலையும் குறைவு. அங்கே கொடுக்கவில்லை. துருவுக்கு மேல் பட்டி வைத்தால் ஒரு மழைக்காலம் தாங்கும், அடுத்த வருடம் தகடு பொரிந்து பட்டியோடு கையில் வரும். கோயம்புத்தூர் கணபதி பக்கம் தகட்டு வேலை செய்யும் ஒரு டிங்கர் அண்ணன் கிடைத்தார். அவர் செய்த முதல் வேலை, ரப்பர் மேட்டையும் அதன் அடியில் ஒட்டியிருந்த தார் ஷீட்டையும் கிழித்து, ஸ்க்ரூடிரைவர் பிடியால் தகட்டை அங்கங்கே தட்டிப் பார்த்தது. டிரைவர் கால் வைக்கும் இடத்தில் தட்டியபோது சத்தமே மாறிவிட்டது. 'தம்பி, இது கடக்காத்து பட்ட வண்டிங்க, மேல பாத்தா ஒண்ணுந் தெரியாது, உள்ளே பூரா தின்னிருச்சு' என்றார். ஆர்.சி.யை நான் அதற்குப் பிறகுதான் காட்டினேன்.

டிரைவர் பக்க ஃப்ளோர், இரண்டு கதவின் அடிப்பகுதி, பின் சக்கரத்துக்கு மேல் வளைவு, பேட்டரி தட்டு, ஸ்டெப்னி குழி, இத்தனையையும் வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைத்தார். கேஸ் வெல்டிங் வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டார். 650 கிலோ சொச்சம்தான் மொத்த வண்டியே, தகடு அவ்வளவு மெல்லிசு, கேஸ் வைத்தால் சூட்டில் நெளிந்துவிடும், அதனால் முழுக்க சூடு அதிகம் பரவாத சிஓ2 மின் வெல்டிங். பிறகு கதவுக்கு அடியில் தண்ணீர் வடிய இருக்கும் சின்ன ஓட்டைகள் பெயின்டில் அடைத்துப் போயிருந்ததைக் கம்பி விட்டுத் திறந்தார். 800 கதவு அடியில் அழுகுவதற்குப் பாதிக் காரணம் இந்த ஓட்டைகள்தான், நல்ல நிலையில் உள்ள வண்டி வைத்திருப்பவர்களும் இன்றே குனிந்து பாருங்கள். டிங்கரிங், பெயின்டிங் இரண்டுக்கும் சேர்த்து நான் வண்டி வாங்கிய விலையைவிட அதிகம் ஆனது. கொடுத்த ஒவ்வொரு ரூபாய்க்கும் வேலை தெரிகிறது.

கலர் விஷயத்திலும் புத்தகம்தான் முடிவு செய்தது. வண்டி என்னிடம் வந்தபோது மெரூன், ஆர்.சி.யில் வெள்ளை. கலர் மாற்றினால் அதை ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும், யாரோ ஏற்றாமல் விட்டிருக்கிறார்கள். டாஷ்போர்டைக் கழற்றியபோதும் கதவைச் சுற்றியுள்ள ரப்பர் பீடிங்கை உரித்தபோதும் உள்ளே கம்பெனி வெள்ளை அப்படியே இருந்தது, அதை வைத்தே ஷேட் பிடித்தோம். நம்பர் சரிபார்ப்பும் இப்படித்தான். என்ஜின் நம்பர் எஃப்8பிஐஎன் என்று தொடங்க வேண்டும், சேஸிஸ் நம்பர் எஸ்பி308ஐஎன் என்று. இரண்டும் புத்தகத்தோடு ஒத்துப் போகிறதா என்று நம்பர் மேல் காகிதம் வைத்துத் தேய்த்து பென்சில் பிரிண்ட் எடுத்துப் பாருங்கள், ஆம்னி என்ஜின் உட்கார வைத்த 800 நிறைய சுற்றுகிறது. கண்ணாடிகளையும் பாருங்கள். எல்லாவற்றிலும் ஒரே கம்பெனி முத்திரை இருந்து ஒன்றில் மட்டும் வேறாக இருந்தால் அந்தப் பக்கம் அடிபட்டிருக்க வாய்ப்பு உண்டு.

முதல் ஓனரைத் தேட வேண்டும் என்று எனக்கு ஆசை. விலாசத்துக்கு நேரே போய் நிற்பது முறையில்லை, வண்டியின் போட்டோ ஒன்றை வைத்து ஒரு கடிதம் போட்டேன். குன்னூர் விலாசத்துக்குப் போட்டது திரும்பி வந்துவிட்டது. தூத்துக்குடியில் இருந்து போன் வந்தது. துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர். 'தம்பி, நீங்க கடுதாசி போட்டத வீட்ல எல்லார்ட்டயும் காமிச்சிட்டேன்' என்றுதான் ஆரம்பித்தார். முன்பணம் கட்டிக் காத்திருந்து வாங்கியது, வங்கிக் கடன் முடிந்த அன்று திருச்செந்தூருக்கு ஓட்டிப் போனது, உப்பு பிடிக்காமல் இருக்க நல்ல தண்ணீரில் மட்டும் கழுவியது என்று சொல்லிக்கொண்டே போனார். எனக்கு மிகவும் உதவிய செய்தி வேறு: ஒரு முறை மாடு குறுக்கே வந்து முன் இடது பக்கம் இடித்து, ரேடியேட்டர் தாங்கும் சட்டத்தை நிமிர்த்தி வைத்தார்களாம். பானெட் இடது பக்கம் ஒரு நூல் இடைவெளி அதிகமாகவே இருந்துகொண்டிருந்தது, டிங்கர் அண்ணன் கீலை மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். 'ஐயா, எந்த இடம்னு ஞாபகம் இருக்குங்களா?' என்று கேட்டேன், ஹெட்லைட்டுக்குக் கீழே என்றார். அங்கே சட்டத்தை இழுத்ததும் பானெட் சரியாக உட்கார்ந்தது. பழைய ஓனரிடம் பேசுங்கள் என்று நான் சொல்வதற்கு இதைவிட வேறு காரணம் வேண்டாம்.

என்ஜினில் ஹெட்டை இறக்கி வால்வு சீட் மாற்றி, ரிங் போட்டு, டைமிங் பெல்ட் புதிதாக மாட்டினோம். கேஸ் கிட்டை எடுத்துவிட்டதால் ஆர்.சி.யிலும் பெட்ரோல் மட்டும் என்று திருத்திக்கொண்டேன். கார்ப்பரேட்டர் வண்டிக்காரர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். இப்போது பங்கில் வருவது இ20, அதாவது 20 சதவீதம் எத்தனால், அந்தக் காலத்து ரப்பர் இதற்காகச் செய்ததில்லை. பெட்ரோல் ஹோஸ், பம்ப் டயஃப்ரம், கார்ப்பரேட்டர் உள்ளே உள்ள வாஷர்கள் எல்லாவற்றையும் எத்தனால் தாங்கும் வகையில் மாற்றிவிடுங்கள், கலவையையும் கொஞ்சம் ரிச்சாக, அதாவது பெட்ரோல் சற்றுக் கூடுதலாக, வைக்கச் சொல்லுங்கள். செலவு சின்னது, செய்யாவிட்டால் பானெட்டுக்குள் பெட்ரோல் கசியும்.

ஸ்பேர் கடைகளைப் பொறுத்தவரை உக்கடத்தில் பாதி கிடைத்தது, கதவு பேடும் உள்கைப்பிடியும் சென்னை புதுப்பேட்டையில், பீடிங் முழு செட் புதிதாக ஜி.பி. ரோட்டில். கடைக்காரரிடம் '800' என்று மட்டும் சொன்னால் 1997-க்குப் பிந்தைய உருவத்தின் லைட்டையும் பம்பரையும் எடுத்து வைப்பார், உட்காராது. பழைய மாடல் பின் லைட்டைக் கையோடு கொண்டுபோய்க் காட்டுவதுதான் வழி.

ஓட்ட எப்படி இருக்கிறது? ரொம்பப் பிடித்திருக்கிறது. நாற்பதுக்கும் சற்றுக் குறைந்த குதிரைத்திறன்தான், ஆனால் எடை இல்லாததால் டவுன் ஹால் நெரிசலில் புகுந்து புறப்படுகிறது. தூண்கள் மெலிதாக இருப்பதால் நாலு பக்கமும் பளிச்சென்று தெரியும், இன்றைய கார்களில் காணாத சௌகரியம் அது. பன்னிரண்டு இஞ்ச் சக்கரம் குழியில் இறங்கினால் முதுகு சொல்லும். பிரேக்கை ஊன்றி மிதிக்க வேண்டும், முன்னால் போகும் வண்டிக்கு நல்ல இடைவெளி விட்டுத்தான் ஓட்டுகிறேன். ஏர்பேக், ஏபிஎஸ் எதுவும் இல்லாத வண்டி இது. குழந்தைகளை வைத்துக்கொண்டு நெடுஞ்சாலையில் நூறில் போக வண்டி வேண்டும் என்பவர்கள் தயவுசெய்து இதை வாங்காதீர்கள், இதை அழுத்தியே சொல்கிறேன்.

செலவுக் கணக்குப் போடுபவர்கள் அரசுக் கட்டணத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பதினைந்து வருடம் தாண்டிய காரின் பதிவைப் புதுப்பிக்க 600 ரூபாயாக இருந்தது 2022 ஏப்ரலில் 5,000 ஆனது, இருபது வருடம் தாண்டியதற்கு 2025இல் 10,000 ஆக்கிவிட்டார்கள். தேதி தவறினால் மாதம் 500 ரூபாய் கூடுதல், பசுமை வரி தனி. ஐம்பது வருடம் ஆனால்தான் விண்டேஜ் பதிவு கிடைக்கும், 800 அந்த வயதை எட்டவே 2033 ஆகும். என் வண்டிக்கு 2023இல் புதுப்பித்தது, அடுத்தது 2028. டயரும் சைலன்சரும் அதற்கு முன் மாற்ற வேண்டியிருக்கும், எஃப்.சி.க்குப் போகும் வருடத்திலேயே மாற்றிக்கொள்வதாக இருக்கிறேன்.