ராகியா, ஜவ்வரிசியா, டப்பாவா: ஆறு மாதக் குழந்தைக்கு எதை ஊட்டலாம்?

குழந்தைக்கு ஆறு மாதம் முடியப்போகிறது என்றால் சேலத்து வீடுகளில் கட்சி பிரிந்துவிடும். மாமியார் ஜவ்வரிசிக் கஞ்சி என்பார், அம்மா ராகிப் பால் என்பார், வீட்டுக்காரர் மருந்துக்கடையிலிருந்து குழந்தைகளுக்கான தானிய மாவு டப்பா ஒன்றோடு வருவார், அங்கன்வாடியில் சத்துமாவுப் பாக்கெட் கொடுப்பார்கள். எங்கள் வீட்டில் நாலும் ஒரே அலமாரியில் இருந்தன. நாலையும் காய்ச்சி ஊட்டிப் பார்த்தாயிற்று. என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: முளைகட்டிய ராகி, கூடவே குழைய வெந்த பருப்பு சாதம். ஜவ்வரிசிக்குக் கடைசி இடம். ஜவ்வரிசி ஆலைகள் உள்ள சேலத்துக்காரியாக இருந்துகொண்டு இப்படிச் சொல்வது கொஞ்சம் சங்கடம்தான்.

எதை வைத்து ஒப்பிடுகிறேன் என்பதையும் சொல்ல வேண்டும். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும் போதும், தண்ணீர்கூட வேண்டாம். அதற்கப்புறம் 6 முதல் 8 மாதம் வரை தாய்ப்பால் போக, சாப்பாட்டிலிருந்து நாளைக்குச் சுமார் 200 கலோரி வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. 9 மாதத்துக்கு மேல் 300, ஒரு வயது ஆனபின் 550. 200 என்ன பெரிய கணக்கு என்று தோன்றும். ஆனால் அந்த வயிறு ரொம்பச் சின்னது. நீர்க்கக் காய்ச்சினால் வயிறு நிரம்பும், கலோரி சேராது. இன்னொன்று இரும்புச்சத்து. பிறக்கும்போது உடம்பில் இருந்த இருப்பு ஆறு மாதத்தில் கரைந்துவிடும், தாய்ப்பாலில் இரும்பு மிகக் குறைவு. தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் பாதிப் பேருக்கு மேல் ரத்தசோகை என்று தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு சொல்கிறது. ஆக, ஒரு கரண்டியில் எவ்வளவு சத்து போகிறது, அதில் இரும்பு எவ்வளவு என்பதுதான் என் கேள்வி. ‘பிள்ளை குண்டாகுமா’ என்ற கேள்வியை அத்தையிடமே விட்டுவிடுகிறேன்.

ஜவ்வரிசியை முதலில் முடித்துவிடலாம். ஆத்தூர் ரோட்டில் போகிறவர்களுக்கு சேகோ ஆலைகளும், களத்தில் வெள்ளை வெளேரென்று காய்கிற மாவும் புதிதில்லை. குச்சிக்கிழங்கை, அதாவது மரவள்ளியை, தோல் சீவி, அரைத்து, வரும் பாலைப் படியவிட்டு, அந்த மாவை உருட்டி வறுத்தால் ஜவ்வரிசி. மாவுச்சத்து தவிர மற்றதெல்லாம் வழியிலேயே கழிந்துவிடுகிறது. 100 கிராமில் கலோரி 350 கிட்ட இருக்கும், புரதம் 1 கிராம்கூடத் தேறாது. இரும்பு பேருக்குத்தான். “கண்ணு, ராகி குளிர்ச்சி, சளி புடிச்சுக்கும். ஜவ்வரிசி காய்ச்சு, லேசா செரிக்கும்” என்று அத்தை சொன்னதில் பாதி சரி. லேசாகத்தான் செரிக்கும். வழவழவென்று தொண்டையில் இறங்கும், குழந்தையும் மறுக்காமல் குடித்துவிட்டுத் தூங்கிவிடும். அந்தத் தூக்கத்தைப் பார்த்துத்தான் சத்து ஏறிவிட்டதாக நினைத்துக்கொள்கிறோம். தனியாகக் காய்ச்சிக் கொடுப்பதை விட, வாரத்தில் ஒரு நாள் பாசிப்பருப்போடு சேர்த்து வேகவைத்து மசித்தால் குறையில்லை. ராகிக்குச் சளி பிடிக்கும் என்பதற்கு மருத்துவத்தில் ஆதாரம் கிடையாது. மழைக்காலத்தில் எதைக் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் குழந்தைக்குச் சளி பிடிக்கத்தான் செய்கிறது.

இனி ராகி. 100 கிராம் ராகியில் கால்சியம் 350 மில்லிகிராம் அளவில் இருக்கிறது, தீட்டிய அரிசியில் 10 மில்லிகிராம் இருந்தால் அதிகம். இரும்பு ராகியில் 4 மில்லிகிராம் கிட்ட, அரிசியில் 1 மில்லிகிராமுக்கும் கீழே. ஆனால் ‘ராகி’ என்று பொதுவாகச் சொல்வதில் ஒரு சிக்கல் உண்டு. ராகிப் பாலும் ராகி மாவும் ஒன்றில்லை. பாலுக்கு ராகியை ஊறவைத்து அரைத்து மல்லுத் துணியில் பிழிகிறோம். துணியில் தங்குகிற சக்கையில்தான் தோல் இருக்கிறது. கால்சியத்தில் கணிசமான பங்கு அந்தத் தோலோடு சேர்ந்து குப்பைக்குப் போகிறது. முதல் சில நாள், குழந்தை விழுங்கப் பழகும் வரை பால் சரி. அதையே எட்டாம் மாதம் வரை நீட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பொறுக்காது.

முளைகட்டிய மாவு வேலை வாங்கும். ராத்திரி ஊறவைத்து, காலையில் வடித்து, வெள்ளைத் துணியில் மூட்டை கட்டி, துணி காயாமல் தண்ணீர் தெளித்து, வெள்ளை முளை எட்டிப் பார்த்ததும் நிழலில் உலர்த்த வேண்டும். அப்புறம் இளஞ்சூட்டில் லேசாக வறுத்து மில்லுக்கு. மில்லில் முன்னால் யாராவது மல்லியோ வறமிளகாயோ அரைத்திருந்தால் வாசம் நம் மாவில் ஏறும், ஆகவே ஒரு கை அரிசியைப் போட்டு ஓட்டிக் கழித்துவிட்டு அரைக்கச் சொல்லுங்கள். இந்தப் பாடெல்லாம் எதற்கு? முளைக்கும்போது இரும்பை உடம்பில் சேரவிடாமல் பிடித்துவைக்கும் பைட்டேட் குறைகிறது. அதைவிட முக்கியம், மாவுச்சத்தை உடைக்கிற அமிலேஸ் என்ற நொதி உருவாகிறது. சாதா ராகி மாவில் கெட்டியாகக் களி பதத்துக்கு வந்துவிட்ட கூழை இறக்கி, கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறவிட்டு, அரைத் தேக்கரண்டி முளைமாவைத் தூவிக் கிளறிப் பாருங்கள். சில நிமிடத்தில் கரண்டியைத் தூக்கினால் சரசரவென்று வழியும். தண்ணீர் ஒரு சொட்டு சேர்க்கவில்லை, மாவு அத்தனையும் உள்ளேதான் இருக்கிறது, ஆனால் குழந்தையால் விழுங்க முடிகிற பதம் வந்துவிட்டது. மறுபடி ஒரு கொதி விட்டு ஊட்டலாம். அதிகம் வறுத்தால் இந்த நொதி செத்துப்போகும், அதனால்தான் லேசாக வறுக்கச் சொல்கிறேன். ஜவ்வரிசியால் தர முடியாத வசதி இது. ராகியைத் தேர்ந்தெடுக்க எனக்கு இது ஒன்றே போதும்.

டப்பாவைப் பற்றி இரண்டு பக்கமும் சொல்ல வேண்டும். இரும்பும் வைட்டமின்களும் அளந்து சேர்த்திருப்பார்கள். இரும்புக் கணக்கில் மட்டும் பார்த்தால் வீட்டு ராகியை டப்பா ஜெயிக்கும், அதை மறைத்துப் பேசுவது நியாயமில்லை. குறை எங்கே என்றால், பல வகைகளில் இனிப்பு. 2024 ஏப்ரலில் ஸ்விட்சர்லாந்தைச் சேர்ந்த பப்ளிக் ஐ அமைப்பு, நெஸ்லே கம்பெனி இந்தியாவில் விற்கும் செரிலாக்கில் ஒரு வேளைக்குச் சராசரியாக 3 கிராம் அளவில் சர்க்கரை சேர்க்கப்படுவதாக வெளியிட்டது. அதே ஆண்டு, சர்க்கரை சேர்க்காத வகைகளை அந்தக் கம்பெனி அறிவித்தது. ஆகவே டப்பாவின் முன்பக்கப் படத்தை விட்டுவிட்டுப் பின்பக்கம் படியுங்கள். இன்னொரு குறை, எந்த டப்பாவைத் திறந்தாலும் ஒரே மாதிரி வழுவழுப்பு. கட்டி, நார், திப்பி எதுவும் நாக்கில் படாமலே ஒன்பது மாதம் ஆகிவிட்டால் அப்புறம் இட்லித் துண்டைக்கூடத் துப்புவார்கள்.

அங்கன்வாடி சத்துமாவில் கோதுமை, மக்காச்சோளம், முளைகட்டிய ராகி, கடலைப்பருப்பு, வெல்லம், கூடவே வைட்டமின் தாதுக் கலவை உண்டு. காசில்லாமல் கிடைக்கிற நல்ல சத்து, வேலைக்குப் போகிற தாய்க்குப் பெரிய உதவி. வெல்லத்தின் இனிப்புதான் எனக்கு உறுத்தல், அதனால் தினம் ஒரு வேளையோடு நிறுத்திக்கொண்டு மற்ற வேளையில் இனிப்பில்லாத சாப்பாடு கொடுக்கலாம். லீ பஜாரில் சாமான் வாங்கி, முந்திரி பாதாம் முதல் இருபது வகை போட்டு வீட்டில் அரைக்கிற சத்துமாவு வேறு கதை. ஆறாம் மாதத்தில் அது வேண்டாம். மேலில் தடிப்பு வந்தால் இருபதில் எது காரணம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? புதுச் சாமான் ஒன்றைக் கொடுத்தால் இரண்டு மூன்று நாள் பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போகலாம்.

பருப்பு சாதத்துக்கு விளம்பரம் செய்ய ஆளில்லை, அதனால் நானே செய்கிறேன். இரண்டு பங்கு அரிசி, ஒரு பங்கு பாசிப்பருப்பு, ஒரு சிட்டிகை சீரகம், குக்கரில் குழைய விட்டு, நெய் விட்டுக் கையால் மசித்தால் போதும். அதில் முருங்கைக்கீரையை வேகவைத்து மசித்துச் சேர்த்து, இரண்டு சொட்டு எலுமிச்சை பிழிந்தால் கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்பு நன்றாகச் சேரும். கறி சாப்பிடுகிற வீடு என்றால் முட்டை மஞ்சள் கரு, ஆட்டு ஈரல், நன்றாக வெந்து நுணுக்கிய கறி எல்லாம் ஆறு மாதத்துக்கு மேலேயே தரலாம். ஞாயிற்றுக்கிழமை நெஞ்செலும்பு சூப்பை மட்டும் ஊட்டிவிட்டுக் கறியைப் பெரியவர்கள் சாப்பிடுவது தலைகீழான பங்கீடு. தண்ணீரில் ருசிதான் இருக்கிறது, இரும்பு கறியில் இருக்கிறது. எதைக் கொடுத்தாலும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஆறு மாதத்திலிருந்து கொடுக்கும் இரும்புச் சத்து மருந்தைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு வயது வரை உப்பும் சர்க்கரையும் வேண்டாம். இட்லி மாவில் உப்புப் போடுவதற்கு முன்னால் ஒரு கரண்டி தனியே எடுத்து வைத்துவிட்டால் குழந்தைக்கு இட்லி தயார். காபியில் தொட்ட பிஸ்கெட்டை யாராவது நீட்டினால் வாங்கி நீங்கள் சாப்பிட்டுவிடுங்கள்.

பழத்தில் எனக்கு அவ்வளவு சண்டை இல்லை. மலைவாழை, வேகவைத்த ஆப்பிள், சீசனில் மாம்பழம் எல்லாம் நல்லதே. ஏற்காட்டுக் காபித் தோட்டங்களில் விளைகிற பட்டர் ஃப்ரூட்டுக்கு மட்டும் தனியாக ஒரு மார்க் கூட. சர்க்கரை அநேகமாக இல்லை, நல்ல கொழுப்பு இருப்பதால் வாழைப்பழத்தைவிடக் கலோரி அதிகம், இனிப்பில்லாத பழம் என்று ஒன்று உண்டு என நாக்குக்கும் தெரியும். ஜூஸ் ஒரு வயது வரை எந்தப் பழத்திலும் வேண்டாம். மலைப்பாதையில் விற்கிற தேன் எவ்வளவு சுத்தமானாலும் ஒரு வயதுக்குள் நாக்கில் தடவவே கூடாது. அதில் இருக்கக்கூடிய ஒரு பாக்டீரியாவின் வித்துகள் குழந்தையின் குடலில் முளைத்து, தசையைத் தளர்த்துகிற விஷத்தை உண்டாக்கும்.

இனிப்பு முதலிலா, காய் முதலிலா என்று கேட்டால் காய் என்பேன். இனிப்பைக் கற்றுக்கொடுக்கத் தேவையில்லை, பிறக்கும்போதே பிடிக்கும். கசப்பும் புளிப்பும்தான் பழக வேண்டும். சூரமங்கலம் உழவர் சந்தையில் வாங்கிய சுரைக்காயை மசித்து முதல் வாய் வைத்தபோது என் மகள் ஒரு கண்ணை மூடி, உதட்டைக் கோணி, உடம்பை ஒரு சிலிர்ப்புச் சிலிர்த்தாள். “புடிக்கல, விட்டுரு” என்றார் அம்மாயி. நான் கரண்டியை எடுக்கும் முன்னால் அதே வாய் மறுபடி திறந்தது. முகம் கோணுவது புதுசுக்கு வருகிற முகம். ஒரு ருசியை ஏற்றுக்கொள்ளச் சில குழந்தைகளுக்கு எட்டு பத்து தடவை ஆகும் என்று ஆய்வுகள் சொல்கின்றன. இரண்டாம் தடவையிலேயே பாகற்காய்க்குத் தீர்ப்பு எழுதிவிடக் கூடாது. பூண்டும் சீரகமும் பெரும்பாலும் தகராறு செய்வதில்லை. பிள்ளை பெற்றவள் சாப்பிடுகிற பூண்டின் மணம் பாலில் இறங்குவதால் அது ஏற்கெனவே அறிமுகமானதுதான்.

எதனால் ஊட்டுவது என்பதில் சங்குக்கு என் ஓட்டு இல்லை. சேலம் வெள்ளிக்குப் பேர்போன ஊர், சீரில் வெள்ளிச் சங்கு வராத வீடு குறைவு. மருந்துக்குச் சரி, சாப்பாட்டுக்கு வேண்டாம். சங்கில் ஊற்றினால் குழந்தைக்கு வேண்டாம் என்று சொல்ல வழியில்லை, சங்கில் ஒழுகும்படி கூழையும் நீர்க்கக் கரைத்துவிடுவோம். கரண்டியைச் சாய்த்தால் சட்டென்று ஒழுகாமல் நிற்கும் பதம் வேண்டும். கரண்டியா, தானே எடுத்துத் தின்னவிடுவதா என்ற புதுச் சண்டையில் இரண்டும்தான். ராகி கரண்டியில், இட்லித் துண்டும் விரலால் அழுத்தினால் நசுங்கும் கேரட்டும் அதன் கையில். பாதி தரைக்குப் போகும், பாய் விரித்துக்கொள்ளுங்கள். ஓக்காளிப்பதைப் பார்த்துப் பதறாதீர்கள். சத்தமும் இருமலும் இருந்தால் அது தானே வெளியே தள்ளிவிடும். சத்தமே வராமல் முகம் நிறம் மாறினால்தான் தொண்டை அடைத்திருக்கிறது. முழு வேர்க்கடலை, முழுத் திராட்சை, ஏரிக்கரையில் விற்கிற சோளக்கருதின் மணிகள், தேங்காய்ச் சில்லு எதுவும் கைக்கு எட்டக் கூடாது. வேர்க்கடலையை அதற்காக ஒதுக்கவும் வேண்டாம். ஒவ்வாமைக்கு வாய்ப்புள்ள குழந்தைகளுக்குச் சீக்கிரமே கொடுத்தால் கடலை ஒவ்வாமை வெகுவாகக் குறைகிறது என்று 2015-இல் வந்த பெரிய ஆய்வு காட்டியது. விழுதாக அரைத்துக் கூழில் கலந்து கொடுக்கலாம். கடுமையான கரப்பானோ முட்டை ஒவ்வாமையோ உள்ள குழந்தை என்றால் முதலில் டாக்டரைக் கேட்டுவிட்டு.

ஏற்காடு போகிற நாளைக்கு மட்டும் என் கணக்கு மாறும். இருபது கொண்டை ஊசி வளைவு ஏறுவதற்கு முன்னால் வயிறு முட்ட ஊட்டினால் பாதி வழியில் எல்லாம் மடிக்கு வந்துவிடும். மேலே போய், ஃபிளாஸ்க்கில் கொண்டுபோன கொதித்தாறிய வெந்நீரில் கலக்க சர்க்கரையில்லாத டப்பா மாவு வசதி, கூட ஒரு மலைவாழை. வீட்டில் காய்ச்சிய கூழை வெயிலில் மணிக்கணக்காகத் தூக்கிக்கொண்டு போவதைவிட அது எவ்வளவோ மேல்.